பொதுப்பயன் இயங்குதளக் கெர்னலும் கண்டிப்பான நிகழ்நேரக் கட்டுப்பாடும்: லினக்ஸை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குறித்த கெடுவுக்குள் விடை வராவிட்டால் அவ்விடையே பிழையாகிவிடும் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு, லினக்ஸ் போன்ற பொதுப்பயன் இயங்குதளத்தின் கெர்னல் ஏற்றதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 2024ஆம் ஆண்டு லினக்ஸின் முதன்மை வெளியீட்டில் நிகழ்நேர வசதி இணைந்ததை அடுத்து இவ்வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கருத இடமுண்டு. அளந்து அறியும் தாமதமும், நிறுவிக் காட்டும் தாமத வரம்பும் வேறுவேறானவை என்னும் அடிப்படையில் அக்கருத்து இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்நேரம், கெர்னல், கெடு, உச்சச் செயல்நேரம், முன்னுரிமைத் தலைகீழாக்கம், லினக்ஸ்.

முன்னுரை

உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் எந்திரத்தின் முன் ஒளித்திரை ஒன்று நிறுவப்பட்டிருக்கும். தொழிலாளியின் கை அத்திரையைக் கடந்ததும் எந்திரம் நின்றாக வேண்டும். திரையை எந்திரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிறுவுவது என்பதற்கு ஐஎஸ்ஓ 13855 என்னும் பன்னாட்டுத் தரநெறி ஒரு கணக்கைத் தருகிறது. எந்திரத்திற்கு அருகில் அமையும் திரைக்குக் கையின் வேகம் நொடிக்கு 2,000 மில்லிமீட்டர் எனக் கொள்ளப்படும். கை திரையைக் கடந்ததிலிருந்து எந்திரம் முற்றிலும் நிற்கும்வரை ஆகும் நேரத்தால் அவ்வேகத்தைப் பெருக்கி, அதனுடன் ஒரு கூடுதல் தொலைவையும் சேர்க்க வேண்டும். இக்கணக்கின்படி 10 மில்லிநொடித் தாமதம் 20 மில்லிமீட்டருக்குச் சமம். கட்டுப்பாட்டுக் கணினி பல கோடி முறை உரிய நேரத்தில் விடையளித்து, ஒரே ஒரு முறை 50 மில்லிநொடி பிந்தினால், அந்த ஒரு முறையில் கை 100 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே சென்றிருக்கும்.

இத்தகைய பணியையே கண்டிப்பான நிகழ்நேரப் பணி என்பர். காணொளியில் ஒரு சட்டகம் பிந்தினால் படம் சற்றே துள்ளும். அது மென்மையான நிகழ்நேரம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விரைவைப் பற்றியதன்று, விளைவைப் பற்றியது.

படக்கருவியின் காட்சியைப் பகுத்தறிதல், வலையமைப்புத் தொடர்பு, தரவுச் சேமிப்பு ஆகிய அனைத்தையும் இன்று உள்ளங்கை அளவுள்ள ஒரு லினக்ஸ் பலகையே செய்துவிடுகிறது. எஞ்சிய கட்டுப்பாட்டையும் அதனிடமே ஒப்படைத்தால் என்ன என்னும் எண்ணம் வடிவமைப்பாளருக்கு எழுவது இயல்பு. செலவு குறையும், கம்பிகள் குறையும், நிரலாளர் ஒரே சூழலில் பணிபுரியலாம். இந்த ஈர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் அதற்கு ஈடாக எதைக் கைவிடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

விரைவும் உறுதியும்

நிகழ்நேரக் கணிமை என்றாலே விரைவான கணிமை எனக் கொள்வது நெடுநாளைய மயக்கம். ஜான் ஸ்டான்கோவிக் 1988ஆம் ஆண்டு ‘கம்ப்யூட்டர்’ இதழில் எழுதிய கட்டுரை இம்மயக்கத்தையும் இதனை ஒத்த பிறவற்றையும் மறுத்தது. விரைவு சராசரித் தாமதத்தைக் குறைக்கும். ஆனால் ஒவ்வொரு பணியும் தன் கெடுவுக்குள் முடியும் என்னும் முன்கணிப்பை அதுவே தந்துவிடாது.

முன்கணிப்புக்கான கோட்பாடு அதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்டது. லியூ, லேலண்ட் ஆகிய இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறுகிய காலச் சுற்றுடைய பணிக்கு உயர்ந்த முன்னுரிமை அளிக்கும் முறையில், பணிகள் எத்தனையாயினும் செயலியின் பயன்பாடு ஏறத்தாழ 69 விழுக்காட்டைத் தாண்டாதவரை எல்லாக் கெடுக்களும் காக்கப்படும். கெடு அண்மையிலிருக்கும் பணியை முதலில் செய்யும் முறையிலோ அவ்வரம்பு 100 விழுக்காடு. இத்தேற்றங்களைக் கற்பிக்கும்போது அவற்றின் முன்நிபந்தனைகள் பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகின்றன. ஒவ்வொரு பணிக்கும் ஆகக்கூடிய நேரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பணி மற்றொன்றுக்காகக் காத்திருத்தல் கூடாது. பணி மாறுவதற்கு நேரமே ஆகாது எனக் கொள்ள வேண்டும். பொதுப்பயன் கெர்னலில் இம்மூன்றுமே எளிதில் கிட்டாதவை.

சராசரிக்காக அமைந்த கெர்னல்

பொதுப்பயன் கெர்னலின் நோக்கம், பல பயனர்களின் பலவகைப் பணிகளை மொத்தத்தில் மிகுதியாக முடித்துத் தருவது. அதன் உறுப்புகள் அனைத்தும் இந்நோக்கத்தில் தோய்ந்தவை. நினைவகப் பக்கத்தை ஒரு நிரல் தொடும்போதுதான் கெர்னல் அதனை ஒதுக்கித் தருகிறது. பக்கம் வட்டில் இருந்தால், சுழலும் வட்டைப் பொறுத்தவரை சில மில்லிநொடிகள் காத்திருக்க நேரும். ஆயிரம் மடங்கு விரைவான செயலியாலும் இக்காத்திருப்பைக் குறைக்க இயலாது. வேலையில்லாத செயலியைக் கெர்னல் ஆழ்ந்த உறக்கநிலைக்கு அனுப்புகிறது. மின்சாரம் மிச்சமாகும், விழிப்பதற்குக் கூடுதல் நேரமாகும். சாதனங்களிலிருந்து வரும் குறுக்கீடுகளின் வேலையில் ஒரு பகுதியைப் பின்னர்ச் செய்வதற்கென்று குவித்து வைக்கிறது. அக்குவியல் எப்போது தீரும் என்பது அந்நேரத்து வலையமைப்பு நெரிசலைப் பொறுத்தது. இவற்றுள் எதுவும் குறையன்று. சேவையகத்திலும் மேசைக்கணினியிலும் இவையே கெர்னலின் சிறப்புகள்.

கெர்னலின் இயல்பைக் காட்டும் சிறு சான்று ஒன்று உண்டு. நிகழ்நேர முன்னுரிமை பெற்ற பணிகள், ஒரு நொடியில் 950 மில்லிநொடிக்கு மேல் செயலியைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பது லினக்ஸில் நெடுங்காலம் இருந்துவந்த இயல்நிலை ஏற்பாடு. எஞ்சிய 50 மில்லிநொடி சாதாரணப் பணிகளுக்கு உரியது. நிகழ்நேரப் பணியொன்று பிழையால் முடிவின்றிச் சுழன்றாலும் கணினி முற்றிலும் உறைந்துவிடாதிருக்க வகுத்த காப்பு இது. வேண்டாதவர் இதனை நீக்கிவிடலாம். ஆயினும் யாரை யாரிடமிருந்து காப்பது என்னும் வினாவுக்குக் கெர்னல் தரும் இயல்பான விடை இதில் தெரிகிறது. மேலே குறித்த அழுத்து எந்திரத்தில் 50 மில்லிநொடி என்பது ஒரு கையின் நீளத்தில் பாதிக்கும் மேல்.

இருபதாண்டு உழைப்பு

இக்குறைகளைக் கெர்னலுக்குள்ளேயே தீர்க்கும் முயற்சி ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்னும் திருத்தத் தொகுப்பாக 2004-05 அளவில் உருக்கொண்டது. இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். அதன் மையக் கருத்து எளிது: கெர்னல் தன் சொந்த வேலையில் ஈடுபட்டிருக்கும்போதும், முன்னுரிமை மிக்க பணி வந்தால் அவ்வேலையை இடைநிறுத்த முடிய வேண்டும். வழக்கமான லினக்ஸில் சுழல்பூட்டு ஒன்றைப் பற்றியிருக்கும் கெர்னல் பகுதியை இடைநிறுத்த இயலாது; சாதனக் குறுக்கீட்டைக் கையாளும் பகுதி எந்தப் பணிக்கும் மேலாக உடனே ஓடும். ப்ரீஎம்ப்ட்-ஆர்டி பெரும்பாலான சுழல்பூட்டுகளை உறங்கிக் காத்திருக்கும் பூட்டுகளாக மாற்றியது. குறுக்கீட்டுக் கையாளிகளைத் தனி இழைகளாக்கி அவற்றுக்கும் முன்னுரிமை எண் அளித்தது. இதன் பயனாக, கட்டுப்பாட்டுப் பணி வலையமைப்பு அட்டையின் கையாளியை விட மேலானது என வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம்.

இத்தொகுப்பின் கூறுகள் ஒவ்வொன்றாக முதன்மைக் கெர்னலுக்குள் சென்றன: முன்னுரிமை மரபேற்புடைய பூட்டுகள் 2006இல், உயர் துல்லிய நேரங்காட்டிகள் 2007இல், இழைவழிக் குறுக்கீடுகள் 2009இல். கெடு அடிப்படையிலான பணித்திட்டமிடல் 2014இல் 3.14ஆம் பதிப்பில் தனியே வந்து சேர்ந்தது. இறுதித் தடையாக நின்றது, கெர்னல் தன் செய்திகளைத் திரையில் அச்சிடும் பகுதி. கெர்னல் நிலைகுலையும் தறுவாயிலும் செய்தி வெளிவர வேண்டும், அதே வேளையில் அச்சிடுவதற்காக எவரும் காத்திருக்கவும் கூடாது என்னும் முரணைத் தீர்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பிழையை அறிவிக்கும் வரிதான் கெடுவைத் தவறவைக்கும் வரியாகவும் இருந்தது என்பது வியப்புக்குரியது. 2024 நவம்பரில் வெளியான 6.12ஆம் பதிப்பு முதல் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-வி ஆகிய கட்டமைப்புகளுக்கு இவ்வசதி முதன்மைக் கெர்னலிலேயே கிடைக்கிறது.

இதற்கு மாறான வழியை 1990களின் நடுப்பகுதியிலேயே நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பரபானவும் காட்டியிருந்தனர். ஆர்டிலினக்ஸ் எனப்பட்ட அம்முறையில், வன்பொருளை ஒரு சிறிய நிகழ்நேரக் கெர்னல் ஆள்கிறது. முழு லினக்ஸும் அதன் கீழ், வேறு வேலை இல்லாதபோது மட்டும் ஓடும் ஒரு பணியாக ஒடுங்குகிறது. லினக்ஸ் குறுக்கீடுகளை அணைத்ததாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அவை அணைவதில்லை. மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆர்டிஏஐ, பின்னர் வந்த செனோமாய் ஆகியன இவ்வழியைச் சார்ந்தவை. சிறிய கெர்னலை ஆராய்வது எளிது என்பது இம்முறையின் வலிமை. எனினும் நிகழ்நேரப் பணி லினக்ஸின் வசதியொன்றை அழைத்த கணமே அதன் உறுதி குலைந்துவிடும். நிரலாளர் எப்போதும் இரு நாடுகளின் எல்லைக்கோட்டில் நின்றே எழுத வேண்டியிருக்கிறது.

அளத்தலும் நிறுவுதலும்

ப்ரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலைச் சோதிக்கப் பெரிதும் பயன்படுவது சைக்ளிக்டெஸ்ட் என்னும் கருவி. குறித்த நேரத்தில் எழுப்பும்படி கெர்னலிடம் கேட்டுக்கொண்டு உறங்கும் ஓர் இழை, எவ்வளவு பிந்தி எழுப்பப்பட்டது என்பதை அது பதிவு செய்கிறது. நன்கு அமைக்கப்பட்ட பலகையில் உச்சத் தாமதம் சில பத்து மைக்ரோநொடிகளுக்குள் அடங்குவது வழக்கம். இவ்வெண்ணைக் காட்டி, தங்கள் அமைப்பு கண்டிப்பான நிகழ்நேரத் தகுதி பெற்றதென அறிவிப்போர் உளர். இங்குதான் தருக்கம் தடுமாறுகிறது.

மில்லிநொடிக்கு ஒருமுறை என 24 மணி நேரம் சோதித்தால் 8 கோடியே 64 லட்சம் அளவீடுகள் கிடைக்கும். மிகப் பெரிய எண் எனத் தோன்றும். தொழிலகப் பாதுகாப்புக்கான ஐஇசி 61508 தரநெறியின் மூன்றாம் நிலைக்கு, தொடர்ந்து இயங்கும் அமைப்பில் ஆபத்தான பழுது ஒரு கோடி மணி நேரத்திற்கு ஒருமுறைக்கும் குறைவாக இருக்க வேண்டும். அவ்வெண் முதன்மையாக வன்பொருளின் தற்செயல் பழுதுகளுக்கு உரியது. மென்பொருளிடம் அந்நெறி எதிர்பார்ப்பது ஆக்கமுறையின் ஒழுங்கையும் சான்றையும். ஆயினும் அளவுகோலின் உயரத்தை உணர அது உதவும். ஒரு கோடி மணி நேரம் என்பது 1,140 ஆண்டுகளுக்கும் மேல். அதில் அடங்கும் மில்லிநொடிச் சுற்றுகள் 36 லட்சம் கோடி. ஒருநாள் சோதனை அதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மேலும், தாமதங்கள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நிகழ்வனவும் அல்ல. அரிதான சாதனப் பிழை, அரிதான நினைவக நெருக்கடி, அரிதான பூட்டு வரிசை ஆகிய மூன்றும் ஒருசேர வாய்க்கும் கணம் சோதனை மேசையில் வாராமலே போகலாம்; ஆலையில் மூன்றாம் ஆண்டில் வரலாம். கண்ட உச்சம், உண்மையான உச்சத்திற்குக் கீழ்வரம்பு மட்டுமே. அதனை மேல்வரம்பாகப் படிப்பது பிழை.

நிறுவுதல் இயலுமா? 2009இல் ஆஸ்திரேலியாவில் முறைசார் மெய்ப்பிப்பு நிறைவுற்ற எஸ்இஎல்4 என்னும் நுண்கெர்னல் ஏறத்தாழ 8,700 சி மொழி வரிகளைக் கொண்டது. 2011இல் அதன் உச்சச் செயல்நேரத்தையும் பகுப்பாய்ந்து வெளியிட்டனர். லினக்ஸின் மூலநிரலோ மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டது. ஒரு குறிப்பிட்ட பலகைக்கெனத் தொகுக்கும்போது அதில் சிறு பகுதியே எஞ்சும் என்பது உண்மை. அச்சிறு பகுதியும் பல லட்சம் வரிகள். இரண்டுக்கும் இடைப்பட்ட நம்பிக்கையூட்டும் முயற்சி ஒன்று 2020இல் வந்தது. டேனியல் பிரிஸ்டாட் டி ஒலிவேராவும் அவருடன் பணிபுரிந்தோரும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலின் இழை ஒத்திசைவைத் தானியங்கி மாதிரியாக வரைந்து, தாமதத்தைக் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகள் மோசமாகக் கூடும் நிலைக்கான வரம்பைக் கணித்தனர். வெறும் அளவீட்டை விட இது பன்மடங்கு மேலானது. அளவீடு தற்செயலாகக் காணாத சேர்க்கையையும் இது கணக்கில் கொள்ளும். எனினும் கூறுகளின் மதிப்புகள் ஓடும் கணினியில் அளந்து பெறப்பட்டவையே. வரம்பின் வடிவம் நிறுவப்பட்டுள்ளது. அதில் இடும் எண்கள் நிறுவப்படவில்லை.

கெர்னல் குற்றமற்றதாயினும் அதற்குக் கீழே ஓர் அடுக்கு உண்டு. எக்ஸ்86 கணினிகளில் அமைப்பு மேலாண்மைக் குறுக்கீடு எழுந்தால் தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் செயலியைக் கைப்பற்றி, தன் வேலை முடிந்த பின்னரே திருப்பித் தரும். இடையில் நேரம் காணாமற்போனது கெர்னலுக்கு நேரடியாகத் தெரியாது. பல்லுள்ளகச் செயலிகளில் ஓர் உள்ளகத்தின் நிரல், பொதுவான கேஷ் நினைவகத்தை நிரப்பி அடுத்த உள்ளகத்தின் நிரலை மெதுவாக்கும். வான்கலத் துறையில் 2016இல் வெளியான காஸ்ட்-32ஏ என்னும் நிலைப்பாட்டறிக்கை இச்சிக்கலுக்கெனவே எழுதப்பட்டது. இத்தடைகள் தனிப்பயன் நிகழ்நேரக் கெர்னலுக்கும் பொதுவானவை. பொதுப்பயன் வன்பொருளில் ஓடும் எந்த மென்பொருளும் அவ்வன்பொருளை விஞ்சிய உறுதியைத் தர இயலாது.

தனிப்பயன் கெர்னல் மட்டும் போதுமா?

எதிர்த்தரப்பின் வாதமும் சோதிக்கத்தக்கது. 1997 சூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலத்தில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் தேர்ந்த நிகழ்நேர இயங்குதளம். இறங்கிய சில நாட்களில் கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்தது. காரணம், பூட்டு ஒன்றைப் பற்றியிருந்த வானிலைப் பணி மிகத் தாழ்ந்த முன்னுரிமை உடையது. அதே பூட்டுக்காகக் காத்திருந்த தரவுப்பாதைப் பணி உயர்ந்த முன்னுரிமை உடையது. இரண்டுக்கும் இடைப்பட்ட பணிகள் வானிலைப் பணியை ஓடவிடாமல் தடுத்ததால், உயர்ந்தது தாழ்ந்ததற்குக் கீழாகிவிட்டது. இதுவே முன்னுரிமைத் தலைகீழாக்கம். பூட்டைப் பற்றியிருக்கும் பணி, தனக்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையை அதுவரை ஏற்றுக்கொள்ளும் மரபேற்பு முறையை ஷா, ராஜ்குமார், லெஹாக்ஸ்கி ஆகியோர் 1990இலேயே விரிவாக வெளியிட்டிருந்தனர். விஎக்ஸ்வொர்க்ஸிலும் அவ்வசதி இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது இயக்கப்படவில்லை. பூமியிலிருந்து அதனை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது. கெர்னலின் பெயர்ப்பலகை உறுதியைத் தருவதில்லை, அமைப்பை முழுமையாகப் பகுத்தறிந்த சான்றே தருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான நிகழ்வு அரிது.

கெடு யாருடையது?

கண்டிப்பு என்பது மென்பொருளின் பண்பன்று. கட்டுப்படுத்தப்படும் பொருளின் பண்பு. கட்டுப்பாட்டுச் சுற்றில் நேரும் தாமதம், அதிர்வெண்ணோடு பெருக்கிய அளவுக்குக் கட்ட விளிம்பைத் தின்கிறது. நொடிக்கு 50 ரேடியன் வெட்டு அதிர்வெண் கொண்ட சுற்றில் 1 மில்லிநொடித் தாமதம் ஏறத்தாழ 2.9 பாகையை எடுத்துக்கொள்ளும்; 10 மில்லிநொடி 28.6 பாகையை எடுத்துக்கொள்ளும். 60 பாகை விளிம்புடன் வடிவமைத்த சுற்று முன்னதை உணராது. பின்னதில் நிலைகுலையாவிடினும் ஊசலாடும். ஒரு சுற்று தவறினால் முந்தைய கட்டளையையே மீண்டும் அளித்துச் சமாளிக்கக்கூடிய அமைப்புகள் பல உள்ளன. இத்தனை சுற்றுகளில் இத்தனை தவறலாம் என வரையறுக்கும் தளர்கண்டிப்பு நிகழ்நேரக் கோட்பாட்டை பெர்னாட், பர்ன்ஸ், லமோசி ஆகியோர் 2001இல் முன்வைத்தனர். கண்டிப்பானவை எனப் பெயர் பெற்ற கட்டுப்பாட்டுச் சுற்றுகளுள் கணிசமானவை உண்மையில் இவ்வகையினவே. அவற்றுக்கு ப்ரீஎம்ப்ட்-ஆர்டி தகும். மில்லிநொடிச் சுற்றில் உலோகம் கடையும் லினக்ஸ்சிஎன்சி நெடுநாளாக இதனைச் செய்து வருகிறது. ஃபால்கன், டிராகன் கலங்களில் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி இணைத்த லினக்ஸ் பயன்படுவதாக ஸ்பேஸ்எக்ஸ் மென்பொருளாளர்கள் 2020இல் தெரிவித்தனர். ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் மிகைமை அங்கு உடன் உண்டு. ஆனால் 50 மைக்ரோநொடிச் சுற்றில் மோட்டாரின் மின்னோட்டத்தை ஆளும் வேலையை லினக்ஸிடம் தருவது பொருந்தாது. மனித உடல் குறுக்கே வரும் பாதுகாப்புச் சுற்றைத் தருவது, சான்று இல்லாத நிலையில், பொறுப்பின்மை.

ஆகவே பணியைப் பிரித்து, விரைவான உள்சுற்றை நுண்கட்டுப்படுத்தியிடமும் சிந்திக்கும் வெளிச்சுற்றை லினக்ஸிடமும் விடுவது நடைமுறை வழக்கம். 2021 ஏப்ரலில் செவ்வாயில் பறக்கத் தொடங்கிய இன்ஜெனுயிட்டி சிற்றுலங்கூர்தி அவ்வாறு அமைந்ததே. நொடிக்கு 500 முறை ஓடும் பறப்புக் கட்டுப்பாடு, வாகனத் தரமுள்ள இரட்டை நுண்கட்டுப்படுத்திகளில் இருந்தது. நொடிக்கு 30 படங்களைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணிக்கும் வழிகாட்டல், ஸ்நாப்டிராகன் 801 செயலியில் லினக்ஸின் மீது ஓடியது. பிரிவினை செம்மையானது. எனினும் பிரித்த இரண்டையும் இணைப்பது நேரமுத்திரை. 2021 மே 22 அன்று நடந்த ஆறாவது பறப்பில், ஏறத்தாழ 54ஆம் நொடியில் படவரிசையிலிருந்து ஒரே ஒரு படம் தொலைந்தது. தொலைந்த படத்தால் தீங்கில்லை. அதன் பின் வந்த ஒவ்வொரு படமும் தவறான நேரமுத்திரையுடன் வந்ததே தீங்காயிற்று. உரிய கெடுவுக்குள் வந்த படங்கள், உரிய நேரத்தைச் சொல்லவில்லை. கலம் தான் இல்லாத இடத்தில் இருப்பதாகக் கருதித் திருத்திக்கொண்டே சென்று, 20 பாகைக்கும் மேல் சாய்ந்து ஊசலாடியது.

அது வீழாமைக்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. கட்டுப்பாட்டுச் சுற்று, நேரப்பிழைகளையும் தாங்கும்படி தாராளமான நிலைப்பு விளிம்புடன் வடிவமைக்கப்பட்டிருந்தது. தரையிறங்கும் இறுதிக் கட்டத்தில் படங்களை அறவே பயன்படுத்தாமல், அசைவு உணரிகளை மட்டும் நம்பும் ஏற்பாடும் முன்னரே செய்யப்பட்டிருந்தது. அக்கட்டத்தை அடைந்ததும் ஊசலாட்டம் அடங்கியது. குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டருக்குள் கலம் தரையிறங்கியது.